தாய்க்கு எதற்குச் சான்றிதழ் என்றவருக்கு

நடுவர் அவர்களுக்கும் ஹட்டன் அவையோருக்கும் வணக்கம். செம்மொழிக்கு அரசின் அங்கீகாரம் தேவையே என்பது எங்கள் அணியின் வாதம்.

"பெற்ற தாயிடம் எவராவது பிறப்புச் சான்றிதழ் கேட்பார்களா?" என்றார் எதிரணி நண்பர். அவை கைதட்டியது. ஐயா, கேட்டார்கள், இந்த மலையகத்தில்தான் கேட்டார்கள். இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம். காட்ட இயலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள்.

என் அப்பாயியிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. உள்ளே தாத்தாவின் பெயரெழுதிய பழுப்பேறிய தாள்கள் சில. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் கூரை ஒழுகும் இரவுகளில் அவர் முதலில் அந்தப் பெட்டியைத் தூக்குவார், அடுத்து அரிசியை, அதன் பிறகே எங்களை. பிள்ளைகளை விடவா பெட்டி பெரிது என்று அம்மா ஒருமுறை கேட்டுவிட்டார். "பிள்ளை நனைந்தால் துவட்டலாம், தாள் நனைந்தால் இந்தப் பிள்ளைகள் யார்?" என்றார் அப்பாயி. கொழுந்து பறிக்கப் போகும்போதும் பெட்டிச் சாவி முந்தானையில் முடிந்திருக்கும்.

தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று நூறாண்டுக்கு முன்பே வாதிட்டார் தமிழறிஞர் பரிதிமாற் கலைஞர். ஆயினும் 2004 அக்டோபர் 12இல் இந்திய அரசு அறிவித்த பிறகுதான், பழந்தமிழாய்வுக்கென்றே சென்னையில் ஒரு மத்திய நிறுவனம் எழுந்தது. வாய்மொழியாக வந்த பௌத்த மறைநூலான பாளித் திரிபிடகம் ஏடேறிய இடமென்று மரபு சொல்வது, நமக்கு அருகிலுள்ள மாத்தளை அலுவிகாரையைத்தான். அந்தப் பாளிக்கே செம்மொழித் தகுதியை இந்தியா 2024இல்தான் வழங்கியது.

அரசுகள் அளவுகோலை மாற்றுகின்றனவே என்பீர்கள். உண்மைதான். 2004இல் ஆயிரம் ஆண்டாக இருந்த பழமை வரம்பு, மறு ஆண்டே 1,500 முதல் 2,000 ஆண்டாக உயர்ந்தது. ஆனால் எழுத்தில் உள்ளதைத்தானே வாதாடித் திருத்த முடியும்? 1948இல் எழுத்தால் பறித்ததை, அதுவரை நாடற்றவராய் எஞ்சிய நம்மவருக்கு 2003இல் இன்னொரு சட்டத்தின் எழுத்தே திருப்பித் தந்தது.

அந்தச் சட்டம் வந்தபோது, இனிப் பெட்டியைப் பூட்ட வேண்டாம் அப்பாயி என்றோம். அவர் கேட்கவில்லை. அவரைக் குளிப்பாட்டிப் புதுச்சேலை உடுத்திய நாளில், பழைய சேலையின் முந்தானையை அம்மா அவிழ்த்தார். சாவி அங்கேதான் இருந்தது.