பல்லு போனா சொல்லு போச்சு

(ஓட்டுநர் சங்க ஆண்டு விழாவில் பேசியது)

சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பேரூராட்சி மன்ற உறுப்பினர்களே, பல் மருத்துவர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் நாற்பது நிமிடம் பேசி எனக்குப் பத்து நிமிடம் மிச்சம் வைத்த அண்ணன் அவர்களே, துண்டு போர்த்திய தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்களின் வாய் நலம் பற்றி மூன்று செய்தி சொல்லப்போகிறேன்: ஈறு, சர்க்கரை, பாக்கு. "பல்லு போனா சொல்லு போச்சு" என்பார் என் அப்பத்தா. அவருக்குப் பல்லே கிடையாது, பேச்சு மட்டும் குறையவில்லை. அது வேறு கதை.

பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் நாம் "சூடு" என்று இளநீர் குடிக்கிறோம். அது பெரும்பாலும் ஈறு நோய். ஈறு கெட்டால் சர்க்கரையும் எளிதில் கட்டுக்கு வராது. சர்க்கரைக்குப் பிறகு வருகிறேன்.

என் தங்கச்சி வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். டீக்கு நிறுத்தினாலும் லிவரோடு இறங்கி ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பார். சத்தத்திலேயே காற்று குறைவு தெரிந்துவிடும். அந்த மனுஷர் தன் வாய்க்குள் பதினைந்து வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. தூக்கம் வராமலிருக்கக் கன்னத்தில் எப்போதும் பாக்குப் பொட்டலம். காரம் பட்டால் எரியும். "உன் கைப்பக்குவம் மாறிப்போச்சுடி" என்று தங்கச்சி மேல் பாய்வார். மகள் கல்யாணம் வந்தது. தாய்மாமன் நான் பக்கத்திலேயே நிற்கிறேன். சம்பந்தி ஆசையாக லட்டை ஊட்டுகிறார், மச்சானுக்கு வாய் திறக்கவில்லை. நம் வீட்டு லட்டு வேண்டாமாம் என்று சம்பந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. வீடியோக்காரரோ, "அண்ணே, இன்னும் கொஞ்சம் திறங்க, ஃபோகஸ் போகுது" என்கிறார். கடைசியில் பூந்தி பூந்தியாக உதிர்த்து உள்ளே தள்ளினோம். மண்டபமே சிரித்தது, நானும்தான் சிரித்தேன்.

மறுவாரம் மருத்துவர் மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் விடச் சொன்னார். ஒன்றரைதான் போனது. கன்னத்தின் உட்புறம் நார் நாராக இறுகிக் கிடந்தது. புற்றுக்கு முந்தைய நிலை என்றார்கள். பல்லு அத்தனையும் இருக்கிறது, சொல்லு போய்விட்டது!

"புகையிலை சேர்க்காத வெறும் பாக்குதானே" என்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே வெறும் பாக்கையும் புற்று உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்திய ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றே வாய்ப்புற்றுதான். குட்காவுக்கு இங்கே 2013-இல் தடை வந்தது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். கெஜத்துக்கு மூன்று அடி, ஆக 300 அடி. நம் பள்ளி வாசலிலிருந்து நானும் இரண்டு பையன்களும் கயிறு பிடித்து அளந்தோம். 45 அடியில் ஒரு கடை! உறுப்பினர்கள் இதைக் கேட்கவேண்டும் என்றுதான் நான் மேடையே ஏறினேன். பல்லு போனா சொல்லு போச்சு. நமக்கு இன்னும் சொல்லு இருக்கிறது, மன்றத்தில் சொல்லுங்கள்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். சர்க்கரையை அடுத்த ஆண்டு பேசுகிறேன். பந்திக்குப் போகும் வழியில் மேசை மேல் மனு இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். மருத்துவர் அம்மா டார்ச்சோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மூன்று விரல் போகிறதா என்று காட்டிவிட்டு இலைக்குப் போங்கள். இன்றைக்கு லட்டு உண்டு.