வயசான பாடகருக்கு ஸ்கேல் இறக்கினா என்ன குறைஞ்சு போச்சு?

வணக்கம் மக்களே. எல்லாரும் நல்லா இருக்கீங்களா? இன்னிக்கு ஊர் சுத்தல, சாப்பாட்டு வீடியோவும் இல்ல. உட்கார்ந்து பேசப் போறேன், அவ்ளோதான். பக்கத்துத் தெருவுல கோவில் திருவிழா, மைக் செட் கட்டிட்டிருக்காங்க. நடுவுல "ஹலோ ஹலோ செக்"னு கேட்டா கண்டுக்காதீங்க.

ஒரு கிளிப் சுத்திட்டிருக்கு, உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். ஒரு பழைய பின்னணிப் பாடகர். பேர் சொல்ல மாட்டேன், அந்தக் கிளிப்ப நானும் ஏன் பரப்பணும்? சரணத்துல மேல போற இடத்துல குரல் உடைஞ்சிடுது. சில செகண்டுதான். அதை மட்டும் வெட்டி எடுத்து, கீழ சிரிப்பு எமோஜி போட்டு, "இவரை யாராச்சும் வீட்ல உட்கார வைங்கப்பா"ன்னு ஒரு வரி. என் ஃபிரெண்டு ஒருத்தன் அதை எனக்கு அனுப்பி, "நீ ஆர்கெஸ்ட்ராவுல கீபோர்டு வாசிக்கிறவன்தானே, நீயே சொல்லு, இவங்கல்லாம் நிறுத்திக்கலாம்ல?"ன்னு கேட்டான்.

நான் கிளிப்ப ஹெட்போன் போட்டுக் கேட்டேன். எனக்கு முதல்ல காதுல விழுந்தது அவர் குரல் இல்ல, கீபோர்டு. ரெக்கார்டுல இருக்கிற அதே ஸ்கேல்ல, அதாவது அதே சுருதி உயரத்துல வாசிச்சிருக்காங்க! அவர் முப்பது சொச்சம் வயசுல ஸ்டுடியோவுல பாடின ஸ்கேல். அதை இப்ப எழுபது தாண்டின மனுஷனுக்குக் கொடுத்து, நைட்டு பத்து மணிக்கு மேல மேடை ஏத்திப் பாடச் சொன்னா குரல் உடையாம என்ன செய்யும்?

கீபோர்டுல ட்ரான்ஸ்போஸ்னு ஒரு பட்டன் இருக்கு. மைனஸ் டூ வெச்சா போதும், நான் அதே கட்டைய அமுக்கிட்டிருப்பேன், பாட்டு ஒரு முழு ஸ்வரம் கீழ வந்துடும். எனக்கு ஒரு செகண்ட் வேலை. மத்தவங்களுக்குத்தான் கஷ்டம். கிட்டார் கழுத்துல மாட்டுற கிளிப், கேப்போன்னு சொல்வாங்க, அதைப் போட்டா ஸ்கேல் ஏறும், இறங்காது. அதனால கிட்டாரிஸ்ட் கார்ட் எல்லாத்தையும் மாத்தி எடுக்கணும். ஃப்ளூட்காரர் பையில இருந்து வேற குழல் எடுக்கணும். தபலாவ சுருதி மாத்தித் தட்டித் தட்டிச் சேர்க்கணும். ரிகர்சல்ல கேட்டா செஞ்சிடலாம். மேடைக்கு ஏறுறப்ப வந்து, "தம்பி, கொஞ்சம் இறக்கிக்கலாமா?"ன்னு அந்தப் பெரியவர் கூச்சப்பட்டுக்கிட்டே கேட்டா, நம்மாளுங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆகும். அதைப் பார்த்துட்டு அவரே "பரவால்ல தம்பி, இருக்கட்டும்"னுடுவார். நான் இதைக் கண்ணால பார்த்திருக்கேன். அன்னிக்குப் பாட்டு கெட்டதுக்கு அவர் வயசு பாதிக் காரணம், எங்க சோம்பேறித்தனம் பாதிக் காரணம்.

வயசானா குரலுக்கு என்ன ஆகுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். குரல் நாண்ல இருக்கிற தசை மெலியுது, நாண் ரெண்டும் சரியா ஒட்ட மாட்டேங்குது, அந்த இடுக்குல காத்து கசியுது. நுரையீரல் பிடிக்கிற காத்தும் குறையுது, அதனால நீளமான ஒரு வரிய ஒரே மூச்சுல இழுக்க முடியாது. பொம்பளைங்க குரல் பொதுவா கீழ இறங்கும், ஆம்பளைங்களுக்குக் கொஞ்சம் மேல ஏறிக்கூடப் போகும். இது போக காது. பாடறவர் தன் குரலக் கேக்க மேடையில வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர்ல அது சரியா கேக்கலன்னா எந்த வயசுலயும் சுருதி விலகும், காது மந்தமானவங்களுக்குக் கேக்கவே வேணாம். பெரியவர் சுருதி விட்டுட்டார்னு சொல்றோமே, பல நேரம் மானிட்டர் அவரைப் பார்த்தே இருக்காது, டிரம்ஸ் பக்கம் திரும்பியிருக்கும்.

சரி, இதே வயசுல கர்நாடக சங்கீதக்காரங்க மட்டும் எப்படிப் பாடுறாங்க? செம்மங்குடி சீனிவாசய்யர் 1908-ல பிறந்தவர், தொண்ணூறு தாண்டியும் மேடையில உட்கார்ந்தார். கேரளாவுல பாறசாலை பொன்னம்மாள் அம்மா, 1924-ல பிறந்தவங்க, திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்துல 2006-லதான் பாடினாங்க. அதுவரைக்கும் பெண்களே பாடாத மேடை அது. எண்பது தாண்டினப்புறம் கிடைச்ச வாய்ப்பு! "வயசாச்சு, போதும்"னு அவங்க வீட்லயே இருந்திருந்தா அந்தக் கதவ அன்னிக்கு யார் திறந்திருப்பா?

அங்க ஒரு வசதி இருக்கு. தியாகராஜர் கீர்த்தனை இந்த ஸ்கேல்லதான் பாடணும்னு எந்தச் சட்டமும் இல்ல. அஞ்சு கட்டை சுருதியில ஆரம்பிச்ச அம்மா கீழ நாலு கட்டைக்கு வந்தா தம்பூரா அவங்களோட சேர்ந்து இறங்கும், வயலினும் மிருதங்கமும் பின்னாடியே வரும். ஒரு ரசிகரும் "இது ஒரிஜினல் சுருதி இல்லையே"ன்னு எழுந்து போக மாட்டார். பின்னாடி சிஷ்யர் உட்கார்ந்து குரல் கொடுப்பார். மூச்சு வாங்கினா வயலினுக்கு விட்டுட்டு ஒரு வாய் வெந்நீர் குடிச்சுக்கலாம். வேகமா உருட்டுற பிருகா வரலையா, சௌக்கமா ராகத்த நிறுத்தி நிதானமாப் பாடலாம், அதுக்குன்னே வர்ற ரசிகர்கள் உண்டு. சினிமாப் பாட்டுல இதெல்லாம் கிடையாது. ரெக்கார்டுதான் அங்க சட்டம். பல்லவி, சரணம் நடுவுல வர்ற இசையில ஒரு வயலின் பிட்டு மாறினாலே முன் வரிசையில உதட்டப் பிதுக்குவாங்க.

ஆனா சினிமாக்காரங்கள்லயே வயசான குரலுக்கு ஏத்த மாதிரி வேலை வாங்கினவங்க இருக்காங்க. 2010-ல கோயம்புத்தூர் செம்மொழி மாநாட்டுக்கு ஏ.ஆர்.ரஹ்மான் போட்ட பாட்டு ஞாபகம் இருக்கா? ஆரம்பத்துல வர்ற குறள், அது டி.எம்.சௌந்தரராஜன் குரல். அப்ப அவருக்கு 88 வயசு. அந்தக் குரல் நடுங்குது, நடுங்கினாலும் அட்சரம் ஒவ்வொண்ணும் கல்வெட்டு மாதிரி விழுது. அதுக்கு முன்னாடி, 2002-ல, கன்னத்தில் முத்தமிட்டால் படத்துல "விடை கொடு எங்கள் நாடே" பாடினது இசையமைப்பாளர் எம்.எஸ்.விஸ்வநாதன். ஊர விட்டுக் கிளம்புற ஜனங்களோட பாட்டு. எழுபது தாண்டின, காத்து கசியிற அந்தக் குரல்தான் அங்க வேணும். நல்லா பயிற்சி எடுத்த ஒரு இருபத்தஞ்சு வயசுக் குரல அங்க போட்டுப் பாருங்க, பாட்டு சுத்தமா இருக்கும், நம்ம வயித்தப் பிசையாது.

அப்போ எல்லாரும் கடைசி மூச்சு வரைக்கும் பாடணுமா? அப்படி நான் சொல்லவே இல்ல. செம்பை வைத்தியநாத பாகவதர் 1974 அக்டோபர்ல ஒற்றப்பாலத்துல ஒரு கிருஷ்ணன் கோவில்ல கச்சேரி பண்ணிட்டு அன்னிக்கே காலமானார். அதைச் சொல்லிச் சொல்லி, "கலைஞன்னா மேடையிலதான் உயிர் போகணும்"னு ஒரு வசனம் நம்மகிட்ட இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. முட்டி வலியோட ஏணிப்படி ஏறி மேடைக்கு வர்றவங்ககிட்ட அதைச் சொல்லிப் பாருங்க.

நிறுத்தினவங்களையும் நான் மதிக்கிறேன். எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மா, 1997-ல கணவர் சதாசிவம் போனப்புறம் பொது மேடையில பாடல. எஸ்.ஜானகி அம்மா இனிமே பாடலன்னு தானே அறிவிச்சாங்க, 2017 அக்டோபர்ல மைசூர்ல கடைசி மேடைக் கச்சேரியும் பண்ணினாங்க. அப்படி விலகினவங்கள ஏதாச்சும் விழாவுக்குக் கூப்பிட்டு, கையில மைக்க திணிச்சு, "ரெண்டே ரெண்டு வரிம்மா"ன்னு கெஞ்சுறாங்க பாருங்க தொகுப்பாளருங்க, அது எனக்குச் சுத்தமா பிடிக்கல. அவங்கதான் வேணாம்னுட்டாங்கல்ல? விடுங்களேன்.

எனக்குக் கோபம் வர்றது வேற ஒரு இடத்துல. டிராக் போட்டு வாயசைக்கிறது. பழைய ரெக்கார்டோட குரலையே அடியில ஓட விட்டு, மேல கொஞ்சம் இவர் குரலக் கலந்து, டிக்கெட்டு வித்துடறது. அதுக்கு அந்தப் பத்து செகண்ட் உடைஞ்ச குரல் ஆயிரம் மடங்கு நேர்மை. குரல் போச்சா, நாலு பாட்டு மட்டும் உட்கார்ந்து பாடுங்க, மிச்ச நேரம் அந்த ரெக்கார்டிங் அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு பேசுங்க. நான் காசு கொடுத்து வந்து கேப்பேன்.

பணம் விஷயத்தையும் சொல்லாம விட முடியாது. "நிறுத்திக்கலாம்ல"ன்னு கேக்குறவங்க பெரும்பாலும் மாசச் சம்பளம், பி.எஃப். வாங்குறவங்க. ஒரு தவில்காரருக்கு ஏது பி.எஃப்.? விரல்ல கூடு மாட்டி முப்பது நாப்பது வருஷம் அடிச்சுட்டு, தோள் தூக்க முடியலன்னாலும் முகூர்த்த நாள்ல போறார்னா ஆசைக்குப் போகல. நாதஸ்வரக்காரருக்குப் பல்லு விழுந்தா வாயில வெச்சு ஊதுற சீவாளியப் பிடிக்கிற பிடியே மாறிடும், அவரும் போறார். நலிந்த கலைஞர்களுக்கு அரசாங்க உதவித்தொகை இருக்கு, மாசம் முழுக்க அதை வெச்சு ஓட்டச் சொன்னா நீங்க ஓட்டுவீங்களா?

இளசுங்களுக்கு இடம் எப்பக் கிடைக்கும்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. மார்கழியில சென்னை சபாக்கள்ல மத்தியானம் இலவசக் கச்சேரி சின்னவங்களுக்கு, சாயங்காலம் டிக்கெட்டுக் கச்சேரி பெரியவங்களுக்கு, இது காலங்காலமா நடக்குது. பெரியவங்க சிலர் ஒரு வருஷம் அந்த நேரத்த விட்டுக் கொடுத்துட்டு, காலையில ஒரு மணி நேரம் பாடலாம். காலையில குரல் வராதுன்னு சிலர் சொல்வாங்க. அப்போ பத்தரை மணிக்கு வெச்சுக்கோங்க, என்ன கெட்டுப் போச்சு?

கடைசியா, நம்ம ஊர்த் திருவிழாவுக்கும் கல்யாண ரிசப்ஷனுக்கும் பழைய பாடகர்களப் புக் பண்றவங்களுக்கு, ஆர்கெஸ்ட்ராக்காரனா ஒரு வேண்டுகோள். பாட்டு லிஸ்ட்ட நீங்க போடாதீங்க, அவங்ககிட்டயே கேளுங்க. ஒம்பது மணிக்குள்ள பாட வெச்சு அனுப்பிடுங்க. கைப்பிடி வெச்ச படி, முதுகு சாஞ்சு உட்கார ஒரு நல்ல நாற்காலி, பாத்ரூம் பக்கத்துல ஒரு ரூம். அப்புறம் கீழ இருந்து துண்டுச் சீட்டுல பாட்டு எழுதி அனுப்புற பழக்கத்த அன்னிக்கு ஒருநாள் நிறுத்துங்க. ஏன்னா அந்தச் சீட்டுல எப்பவுமே இருக்கிறதுலயே உச்சத்துல போற பாட்டுதான் இருக்கும், அவரும் முடியாதுன்னு சொல்ல மாட்டார். ஸ்கேல நான் பார்த்துக்கறேன்.

மைக் செட்காரர் ஃபுல் வால்யூம் வெச்சுட்டார், இனி நான் பேசறது உங்களுக்குக் கேக்காது. அடுத்த வீடியோவுல பார்க்கலாம், வரட்டா.