நீல மாளிகையின் சுவர் மூச்சு விடுகிறது

[காட்சி: மலேசியாவின் பினாங்கு, ஜார்ஜ் டவுன், லீத் தெரு. நீலச் சுவர் மிக அருகில்.]

இந்த நீலத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு இடத்தில் வெளுத்திருக்கிறது, இன்னொரு இடத்தில் அடர்ந்திருக்கிறது. ஏனென்றால் இது பெயின்ட் இல்லை. சுண்ணாம்பில் அவுரி நீலத்தைக் கலந்து அடித்தது. அந்தக் காலத்தில் இந்த அவுரி நீலம் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. சீனர்களுக்கு வெள்ளை துக்கத்தின் நிறம், அதனால் வீட்டுக்கு வெறும் வெள்ளை ஆகாது.

இது சியோங் ஃபாட் ட்சே என்ற வணிகரின் வீடு. 1840-இல் சீனாவின் குவாங்டோங்கில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே ஜாவாவுக்குக் கப்பலேறியவர். பெரும் செல்வம் சேர்த்து, பினாங்கில் சீன அரசின் துணைத் தூதராகவும் இருந்தார். வீடு 1904 வாக்கில் முடிந்தது. 38 அறைகள், 5 முற்றங்கள், 220 ஜன்னல்கள்.

சரி, சுவருக்கு வருவோம். பினாங்கில் வருஷம் முழுக்க ஈரக் காற்று. செங்கல் சுவர் தரையின் ஈரத்தையும் உறிஞ்சும். அதன்மேல் சிமென்ட் பூசி பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பூச்சு உப்பிக்கொண்டு, பொரிந்து பொரிந்து விழும். சுண்ணாம்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உறிஞ்சிய ஈரத்தை அது காற்றில் விட்டுவிடும். வீடும் குளிர்ச்சியாக இருக்கும். நம் ஊர் காரைவீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

[காட்சி: நடு முற்றம்.]

உள்ளே வந்தால் முற்றம். செட்டிநாட்டு வீடு ஞாபகம் வருகிறதா? அதே போல வானம் திறந்த நடுவிடம். மழை நேராக உள்ளே விழும். வீட்டுக்குள் வரும் நீர் செல்வம் என்பது சீன வாஸ்துவான ஃபெங் சுயியின் கணக்கு. சுற்றியுள்ள வார்ப்பிரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தவை, தரை ஓடுகள் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்டிலிருந்து. இவற்றுக்கு நடுவே, பொன்தகடு ஒட்டிய சீன மரச்சிற்பத் தடுப்பு. ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இவை ஒரே கூரையின் கீழ் நிற்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

[காட்சி: கூரை முகடு.]

அப்புறம், மேலே பாருங்கள். அந்தப் பூ இதழ்கள் செதுக்கியவை அல்ல. வண்ணப் பீங்கான் கிண்ணங்களைக் குறடால் நறுக்கி, ஒவ்வொரு சில்லாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்தவை. கிண்ணத்தின் வளைவு அப்படியே இதழின் வளைவாகிவிடுகிறது.

சியோங் 1916-இல் இறந்தார். கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில் எழுதியிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் பராமரிக்க ஆளில்லை. அறை அறையாக வாடகைக்குப் போய், பல குடும்பங்கள் நெருக்கியடித்துக் குடியிருந்தன, கூரை ஒழுகியது. 1989-இல் அந்த மகனும் இறந்த பிறகு, பழைய கட்டடங்களை நேசித்த சிலர் சேர்ந்து இதை வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோ. அவர்கள் சுலபமான வழியை எடுக்கவில்லை. சுவருக்கு மறுபடியும் சுண்ணாம்பு, மறுபடியும் நீலம். 2000-இல் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்புக்கான யுனெஸ்கோ விருது கிடைத்தது. இன்று இது ஒரு சின்ன ஹோட்டல். வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம்.

போனால், மழை வரும் நேரமாகப் பார்த்துப் போங்கள். நடு முற்றத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, தண்ணீர் கல்தரையில் விழுவதைப் பாருங்கள்.