குறைந்த விலையில் துல்லியமான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

வணக்கம். முதன்முதலாக போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் துப்பாக்கி, வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: எவ்வளவு செலவழித்தால் நன்றாகச் சுடும்? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் ரைஃபிளில் போடாதீர்கள், மீதிப் பாதியை ஸ்கோப்புக்கும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) தோட்டாவுக்கும் வையுங்கள். ஏன் என்பதுதான் இந்த வீடியோ. உரிமம், வயது, எந்த விலங்கை எந்த காலிபரில் (தோட்டாவின் அளவு வகை) சுடலாம் என்ற சட்டமெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

[திரையில்: 100 மீட்டர் இலக்குத் தாள், நடுவில் 2.9 செ.மீ. வட்டம்]

துல்லியத்தை அளக்கும் அலகு எம்.ஓ.ஏ. (மினிட் ஆஃப் ஆங்கிள்). ஒரு பாகையை 60 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அது. 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர், 200-இல் 5.8, 300-இல் 8.7. இப்போது ஒரு மானை எடுத்துக்கொள்ளுங்கள், இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய 20 செ.மீ. அகலம். 2 எம்.ஓ.ஏ. ரைஃபிள்கூட 200 மீட்டரில் எல்லாக் குண்டையும் 12 செ.மீ.க்குள் போட்டுவிடும், ஆகவே வேட்டைக்கு அது தாராளம். இலக்குச் சுடுதலில் கணக்கு வேறு. சர்வதேச சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்.-இன் 300 மீட்டர் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10 செ.மீ., அதாவது ஒரு எம்.ஓ.ஏ.வுக்குச் சற்று மேல். 50 மீட்டர் இலக்கில் அதே வட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர்.

அப்புறம் அந்த "ஒரு எம்.ஓ.ஏ. உத்தரவாதம்". பெட்டியில் அப்படிப் போட்டிருந்தால், எத்தனை குண்டுக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்று. அதே ரைஃபிளில் அதே தோட்டாவைப் பத்து சுட்டால், குரூப்பின், அதாவது தாளில் விழுந்த துளைக் கூட்டத்தின், அகலம் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். ரைஃபிள் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூன்று குண்டு அதன் முழுக் குணத்தையும் காட்டவில்லை, அவ்வளவுதான். கைபேசியில் ஒருவர் காட்டும் ஒரே ஒரு அழகான மூன்று குண்டு குரூப்பை நம்பி தயவுசெய்து எதையும் வாங்காதீர்கள்.

[திரையில்: போல்ட், ரிசீவர், பேரல் தனித்தனியாக]

விலை குறைந்த ரைஃபிள் எப்படி இவ்வளவு நன்றாகச் சுடுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நின்று பார்ப்போம். 1898-இல் வந்த மௌசர் ரைஃபிளின் ரிசீவரை, அதாவது போல்ட்டும் பேரலும் (குழலும்) பொருந்தும் உடல் பகுதியை, செய்ய எஃகை அடித்து உருவாக்கி, பிறகு பல கட்டமாகக் கடைந்தெடுக்க வேண்டியிருந்தது. 1948-இல் ரெமிங்டன் 721, 722 என்ற மாடல்களில் உருண்டைக் கம்பியிலிருந்தே ரிசீவரைக் கடைந்தார்கள், கடைசலில் சுற்றி வரும் வட்டமான பொருளை நேராகவும் மையம் தவறாமலும் செய்வது சுலபம். பின்னடியைத் தாங்கும் லக் என்ற புடைப்பையும் ரிசீவரோடு சேர்த்துச் செதுக்காமல், ஒரு வாஷர் போலத் தனியாகச் செய்து பேரலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் வைத்துவிட்டார்கள். 1962-இல் வந்த ரெமிங்டன் 700 அந்த வழியில் வந்ததுதான். 1958-இல் வந்த சாவேஜ் 110 இன்னொரு படி போனது. போல்ட்டின் முகத்திலிருந்து, பேரலின் பின்முனை அறையில் தோட்டா முட்டி நிற்கும் இடம் வரையான தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். பழைய முறையில் கைதேர்ந்தவர் ஒருவர் ஒவ்வொரு பேரலாகப் பொருத்திப் பார்த்துத்தான் அதைச் சரியாக்குவார். சாவேஜில் அறைக்குள் ஓர் அளவுக்கட்டையை வைத்து, அதைத் தொடும்வரை பேரலைத் திருகி, ஒரு நட்டை இறுக்கினால் முடிந்தது. கைவேலை குறைந்தது, துல்லியம் குறையவில்லை. இதோடு கணினி கடைசலும், சில நிறுவனங்களில் பெரிய எந்திரத்தில் சுத்தியலடித்து பேரலின் உள்வரிகளைப் பதிக்கும் முறையும் சேர்ந்துகொள்ள, ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ், டிக்கா டி3எக்ஸ், ஹோவா 1500 மாதிரியான ரைஃபிள்களில் நல்ல பேரல் கிடைப்பது இன்று சாதாரணமாகிவிட்டது.

அப்படியானால் மிச்சம் பிடித்தது எங்கே? பெரும்பாலும் ஸ்டாக்கில், அதாவது பேரலும் ரிசீவரும் உட்காரும், தோளில் வைக்கும் கட்டையில். மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டாக்கின் முன்பகுதி அழுத்தினால் வளையும், இருகால் தாங்கியில் வைத்து முன்னுக்குச் சாய்ந்ததும் அது பேரலைத் தொடும், அதன் பிறகு ஒவ்வொரு குண்டும் வேறு வேறு இடத்துக்குப் போகும். ஒரு தாளை பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் விட்டு ரிசீவர் வரை இழுத்துப் பாருங்கள், பிறகு முன்பகுதியைக் கையால் நெருக்கிக்கொண்டே மறுபடி இழுங்கள். மாட்டினால் வேறு ரைஃபிளைப் பாருங்கள், அல்லது பின்னால் ஸ்டாக் மாற்ற ஒரு தொகையைத் தனியாக வையுங்கள். ரிசீவர் ஸ்டாக்கில் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்றும் கேளுங்கள். ரூகர் அமெரிக்கனில் V வடிவ உலோகக் கட்டைகள் ரிசீவரைப் பிடித்துக்கொள்கின்றன. சில ரைஃபிள்களில் வெறும் பிளாஸ்டிக்தான்.

ட்ரிகர் இதற்குச் சமமான விஷயம். ரைஃபிளே மூன்று, மூன்றரை கிலோ, அதன் ட்ரிகரை இழுக்க இரண்டரை கிலோ விசை வேண்டுமென்றால் உங்கள் விரலே குறியை நகர்த்திவிடும். வேட்டைக்கு ஒன்றரை கிலோ சுற்றி, வழவழப்பாக, திடீரென்று விடுபடுவது போல இருந்தால் போதும். 2000-களின் தொடக்கத்தில் சாவேஜ் தன் அக்யூட்ரிகரைக் கொண்டுவந்த பிறகு, மலிவு ரைஃபிளிலும் பயனரே சரிசெய்துகொள்ளும் ட்ரிகர் பரவலானது. சோதிக்கும் முன் அனுமதி கேளுங்கள், போல்ட்டைத் திறந்து அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், குழல்வாய் யார் பக்கமும் இருக்கக் கூடாது. .22 ரைஃபிளைத் தோட்டா இல்லாமல் சொடுக்காதீர்கள், பலவற்றில் தோட்டாவைத் தட்டும் ஊசி அறையின் விளிம்பிலேயே அடித்துவிடும்.

பழைய ரைஃபிள் என்றால் குழல்வாயின் உள்விளிம்பை டார்ச் வைத்துப் பாருங்கள். குண்டு கடைசியாகத் தொடுவது அந்த விளிம்பைத்தான். அங்கே ஒரு சின்ன நசுங்கல் போதும்.

காலிபரில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது: முதலில் .22. தோட்டா மலிவு, பின்னடி பெயருக்குத்தான், கெட்ட பழக்கம் ஒட்டாது. அதற்கு மேல் .308 வின்செஸ்டர் 1952-லிருந்து இருக்கிறது, வகைவகையாகத் தோட்டா உண்டு. 2007-இல் வந்த 6.5 கிரீட்மூரின் குண்டு நீளமாக, ஒடுங்கி இருப்பதால் காற்றில் குறைவாக விலகுகிறது, தோளிலும் மெதுவாகவே இடிக்கும். பெரும்பாலும் தாள் இலக்குதான் என்றால் .223 சிக்கனமானது, ஆனால் அதில் ட்விஸ்ட்டைப் பாருங்கள். உள்வரி ஒரு முழுச் சுற்று சுற்ற 12 அங்குலம் எடுத்துக்கொள்ளும் பேரல் 55 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டை நன்றாகச் சுழற்றும். 77 கிரெய்ன் போன்ற நீளமான குண்டுக்கு 8 அல்லது 7 அங்குலம் வேண்டும், இல்லாவிட்டால் குண்டு பறக்கும்போதே தடுமாறி, தாளில் சாவித்துளை மாதிரி ஓட்டை போடும்.

[திரையில்: ஸ்கோப் ரிங், திருகுகள்]

ஸ்கோப் விஷயத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் முதல் .308 மூன்று மாதம் ஆறு ஏழு செ.மீ. குரூப்தான் போட்டது, பேரல் சரியில்லை என்று முடிவுகட்டி விற்கவே கிளம்பிவிட்டேன். விற்பதற்காக ஸ்கோப்பைக் கழற்றும்போதுதான் அடித்தள மவுண்ட்டின் இரண்டு திருகுகள் கையாலேயே சுழன்றன. பூட்டிக் கொடுத்த கடையும் இறுக்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கிய பிறகு அதே ரைஃபிள் மூன்று செ.மீ.க்குள் வந்தது. அந்த மூன்று மாதத் தோட்டாவின் விலையில் நல்ல மவுண்ட்டே வாங்கியிருக்கலாம். ஸ்கோப்பில் பெரிய உருப்பெருக்கத்தைத் தேடாதீர்கள். ஸ்கோப்பின் குமிழ்களை 10 கிளிக் மேலே, 10 வலது, 10 கீழே, 10 இடது என்று திருப்பினால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிறதா, அதுதான் முக்கியம்.

தோட்டாவுக்கு ஒதுக்கிய பணம் கடைசியில் இங்கேதான் வேலை செய்கிறது. ஒரே காலிபரில் நான்கு வெவ்வேறு தோட்டா வாங்கி, நல்ல தாங்கியில் வைத்து, பேரலை ஆறவிட்டு ஆறவிட்டு, ஒவ்வொன்றிலும் பத்து சுடுங்கள். ஒரு தோட்டா இரண்டு எம்.ஓ.ஏ. போடும், இன்னொன்று ஒன்றேகால் போடும். ஏன் என்று எந்தக் கடைக்காரராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிடித்ததை ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) மொத்தமாக வாங்குங்கள். வேட்டைக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும், ஏனென்றால் காட்டில் கிடைப்பது ஆறிய பேரலிலிருந்து போகும் முதல் குண்டு மட்டும்தான். நான் ஒரே தாளை ஐந்து நாள் மைதானத்துக்கு எடுத்துப் போய், நாளுக்கு ஒரே குண்டு சுட்டு, அந்த ஐந்து துளைகளின் நடுவை வைத்துத்தான் ஸ்கோப்பைச் சரிசெய்கிறேன்.