காயில்ஓவர் வாங்குவதும் பொருத்துவதும்: டொயோட்டா 86 காரை முன்வைத்து ஒரு விளக்கம்

[திரையில்: ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் நிற்கும் டொயோட்டா 86. முன்சக்கரம் கழற்றப்பட்டிருக்கிறது; ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தெரிகின்றன.]

காயில்ஓவர் என்பது ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்து, உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரே தொகுதி. அந்தப் பெயரைக் கேட்டதும் பெரும்பாலோர் மனத்தில் தரையோடு ஒட்டி நிற்கும் ஒரு காரின் தோற்றமே எழுகிறது. விற்பவர்களின் விளம்பரப் படங்களும் அதைத்தான் காட்டுகின்றன. ஆனால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் திருகு வளையம்தான் இந்தப் பாகத்தில் மிக எளிய உறுப்பு. அளவறியாமல் திருகினால் காரின் ஓட்டத்தை மிக விரைவில் கெடுப்பதும் அதுவே. விலைக்குத் தகுந்த பயன் கிடைக்கிறதா என்பதைத் தீர்மானிப்பவை வேறு: உள்ளே இருக்கும் டேம்பரின் (ஷாக் அப்சார்பரின்) தரம், சக்கரம் மேலும் கீழும் அசைவதற்கு மிஞ்சும் தூரம், பொருத்திய பிறகு செய்யப்படும் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்தல்.

எடுத்துக்காட்டாக 2012-இல் டொயோட்டாவும் சுபாருவும் இணைந்து வெளியிட்ட 86 காரையே எடுத்துக்கொள்வோம். சுபாருவின் பெயரில் இதுவே பிஆர்இசட். இரண்டு லிட்டர் பாக்ஸர் இன்ஜின், ஏறத்தாழ 200 குதிரைத்திறன், ஏறத்தாழ 1,250 கிலோ எடை. அந்த எடையில் 53 விழுக்காடு முன்சக்கரங்களின் மேலும் 47 விழுக்காடு பின்சக்கரங்களின் மேலும் அமர்கிறது. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (டேம்பரே சக்கரத்தின் மேல் தாங்கியாகவும் நிற்கும் அமைப்பு), பின்பக்கம் இரட்டை விஷ்போன் (மேலும் கீழும் கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு). சஸ்பென்ஷனை மாற்றிப் பார்க்க விரும்புவோர் உலகம் முழுவதும் இந்தக் காரைத் தேடி வாங்குவதால், இதற்குக் கிடைக்காத பாகமே இல்லை எனலாம். தேர்வு கடினமாவதும் அதனால்தான்.

[திரையில்: ஸ்பிரிங்கின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும் எண்கள்.]

முதலில் ஸ்பிரிங்கின் விறைப்பு. ஜப்பானிய நிறுவனங்கள் இதை மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்றும், ஐரோப்பியர்கள் மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்றும், அமெரிக்கர்கள் அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்றும் குறிக்கிறார்கள். மில்லிமீட்டருக்கு 1 கிலோ என்பது ஏறத்தாழ 9.8 நியூட்டன், அல்லது அங்குலத்துக்கு 56 பவுண்டு. நம் காரில் ஒரு முன்சக்கரத்தின் மேல் விழும் எடை சுமார் 330 கிலோ. சக்கரம், பிரேக் முதலிய, ஸ்பிரிங் தாங்காத பாகங்களுக்கு 40 கிலோவைக் கழித்தால் ஸ்பிரிங் சுமப்பது சுமார் 290 கிலோ. மெக்ஃபர்சன் அமைப்பில் சக்கரமும் ஸ்பிரிங்கும் ஏறக்குறைய ஒரே அளவு அசைவதால், 7 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங் கார் சும்மா நிற்கும்போதே சுமார் 41 மில்லிமீட்டர் அமுங்கியிருக்கும். 4 கிலோ ஸ்பிரிங் 72 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக அமுங்கும். அதிர்வெண்ணாகக் கணக்கிட்டால் 4 கிலோ ஸ்பிரிங்கில் காரின் முன்பகுதி நொடிக்கு ஏறத்தாழ 1.85 முறையும், 7 கிலோ ஸ்பிரிங்கில் 2.45 முறையும் ஏறி இறங்க முயலும். முதல் எண் அன்றாடச் சாலையிலும் பொறுத்துக்கொள்ளக்கூடியது. இரண்டாவது, மழமழப்பான பந்தயத் தடத்துக்கு உரியது. மேடுபள்ளமான நகரச் சாலையில் சக்கரம் தரையை விட்டு எழும்பத் தொடங்கும்.

பின்பக்கத்துக் கணக்கு வேறு. அங்கே டேம்பர், சக்கரத்தைக் காரின் அடியோடு இணைக்கும் கீழ்க்கையின் நடுவில் எங்கோ பொருந்துவதால், சக்கரம் அசையும் தூரத்தில் ஒரு பங்குதான் ஸ்பிரிங்குக்கு வந்து சேர்கிறது. அந்தப் பங்கை 0.75 என்று கொண்டால், அதன் இருமடிப் பெருக்கமான 0.56-ஆல் ஸ்பிரிங்கின் விறைப்பைப் பெருக்க வேண்டும். பெட்டியில் 7 கிலோ என்று எழுதியிருக்கும் பின் ஸ்பிரிங் சக்கரத்தில் 4 கிலோவுக்கும் குறைவாகவே உணரப்படும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே எண் போட்டிருப்பதைப் பார்த்து ‘சமமாக இருக்கிறது’ என்று மகிழ்வதில் பொருள் இல்லை.

[திரையில்: இரண்டு காயில்ஓவர்கள் அருகருகே, ஒன்றில் அடிப்பகுதித் தாங்கியும் திருகும் வகையில் இருக்கிறது.]

உயரத்தை மாற்றும் முறையில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஸ்பிரிங் அமரும் தட்டை மட்டும் மேலும் கீழும் திருகலாம். தட்டைக் கீழிறக்கினால் கார் தாழ்வது உண்மை. ஆனால் அதே அளவுக்கு டேம்பரின் தண்டும் உள்ளே போய்விடுவதால், பள்ளத்தில் விழும்போது மேல்நோக்கி அமுங்க மிஞ்சும் தூரம் சுருங்குகிறது. பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர்க் கட்டையில் மோதும் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங்கின் விறைப்பு திடீரெனப் பல மடங்கு ஏறியது போன்ற விளைவு உண்டாகி, வளைவின் நடுவில் டயர் பிடியை இழக்கிறது. இரண்டாம் வகையில் டேம்பரின் அடிப்பகுதித் தாங்கியே திருகில் அமைந்திருப்பதால், உள்ளே தண்டின் நிலையை மாற்றாமல் உயரத்தை மட்டும் மாற்ற இயலும். அன்றாடம் ஓட்டும் காருக்கு நான் இரண்டாம் வகையையே பரிந்துரைப்பேன். ஆனால் அதிலும் வரம்பு உண்டு: டேம்பருக்குள் தூரம் மிஞ்சினாலும், அதற்கு முன்பே டயர் ஃபெண்டரின் உள்சுவரில் உரசத் தொடங்கிவிடலாம்.

ப்ரீலோட் என்னும் முன்னழுத்தம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தட்டை 10 மில்லிமீட்டர் ஏற்றி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கினால் அது விறைத்துவிடும் என்கிறார்கள். நம் 7 கிலோ ஸ்பிரிங்கில் அந்த 10 மில்லிமீட்டர் வெறும் 70 கிலோ விசைதான். காரின் 290 கிலோ எடை அதைத் தாண்டியே ஸ்பிரிங்கை அமுக்குவதால், சாலையில் ஓடும்போது விறைப்பு முன்பிருந்ததே. மாறுவது காரின் உயரமும், சக்கரம் கீழ்நோக்கி நீள மிஞ்சும் தூரமும் மட்டுமே.

இனி டேம்பர். ஸ்பிரிங் சேமித்த ஆற்றலை எண்ணெயின் வழியாக வெப்பமாக மாற்றுவது இதன் பணி. ஸ்பிரிங் விறைக்க விறைக்க அது திரும்பி நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்த ரீபவுண்ட் விசை (நீளும்போது டேம்பர் தரும் எதிர்ப்பு) கூட வேண்டும். விறைப்பான ஸ்பிரிங்கோடு பலவீனமான டேம்பர் சேர்ந்தால் கார் துள்ளும். அந்தத் துள்ளலையே ‘ஸ்போர்ட்டியாக இருக்கிறது’ என்று பாராட்டுபவர்களும் இருக்கிறார்கள். 32 கிளிக் (திருகும்போது ‘கிளிக்’ என்று நிற்கும் படிகள்) என்று விளம்பரப்படுத்தப்படும் ஒற்றைக் குமிழைக் கண்டு மயங்க வேண்டாம். அது அமுக்கத்தையும் நீட்சியையும் சேர்த்தே மாற்றக்கூடும், மலிவான தயாரிப்புகளில் பல கிளிக்குகளுக்கு இடையே வேறுபாடே இல்லாமலும் போகலாம். இடது வலது டேம்பர்களை டைனோ என்னும் சோதனை இயந்திரத்தில் சோதித்த வரைபடத்தை விற்பவர் தர முன்வருகிறாரா என்று கேட்பது, கிளிக்குகளின் எண்ணிக்கையைக் கேட்பதைவிடப் பயனுள்ளது.

சந்தையில் ஜெர்மனியின் பில்ஸ்டைன், கேடபிள்யூ, ஸ்வீடனின் ஓலின்ஸ், ஜப்பானின் டெய்ன், எச்கேஎஸ், தைவானின் பிசி ரேசிங் ஆகிய பெயர்கள் பரிச்சயமானவை. கேடபிள்யூவின் வேரியன்ட் 3 வகையில் அமுக்கத்தையும் நீட்சியையும் தனித்தனியே மாற்றலாம். அந்நிறுவனம் வெளிக்குழாயைத் துருப்பிடிக்காத எஃகில் செய்வதால், பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் திருகுமரை இறுகிப்போகும் தொல்லை குறைவு. பெயரைத் தேர்ந்த பின் இரண்டு கேள்விகள் எஞ்சும்: சீல்களையும் எண்ணெயையும் மாற்றிப் புதுப்பிக்கும் பட்டறை எட்டும் தூரத்தில் உண்டா? கார் பதிவான நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? ஜெர்மனியில் பொதுவாகத் தொழில்நுட்பச் சான்றறிக்கையுடன் வரும் தொகுப்பை வாங்கி, பொருத்திய பின் டூவ் போன்ற அமைப்பின் ஆய்வாளரிடம் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். சான்றில் குறித்த உயர வரம்புக்குள் கார் நிற்பதும் கட்டாயம். ஜப்பானில் தரையிலிருந்து 9 சென்டிமீட்டர் இடைவெளி இல்லையென்றால் ஷாக்கென் என்னும் வாகனத் தகுதிச் சோதனையில் தேற முடியாது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதையும் மறக்கலாகாது.

[திரையில்: சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டரின் விளிம்பு வரை டேப் வைத்து அளக்கும் கை.]

பொருத்துவதற்கு முன் நான்கு சக்கரங்களிலும் இந்த அளவை எழுதிக்கொள்ளுங்கள். டயரின் காற்றழுத்தம் இதைப் பாதிக்காது என்பதால் தரையிலிருந்து அளப்பதைவிட இது நம்பகமானது. காரைத் தூக்கிய பின் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக் கூடாது. ஜாக் ஸ்டாண்டுகள் கட்டாயம். முன்பக்கத்தில் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் சென்சார் வயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்து, இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பையும் கழற்றியபின், சக்கரம் பொருந்தும் தாங்கியான நக்கிளைப் பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளை எடுக்க வேண்டும். அந்த நொடியில் நக்கிள் வெளிப்புறமாகச் சாய்ந்து பிரேக் ஹோஸை இழுக்கும். அதை முன்கூட்டியே ஒரு கம்பியால் கட்டி நிறுத்துவது நல்லது. பழைய ஸ்ட்ரட்டின் உச்சியில் உள்ள நடு நட்டை, ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் ஒருபோதும் தளர்த்தாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் உயிருக்கே ஆபத்து. காரோடு இணைந்திருக்கும் வெளிவட்ட நட்டுகளை மட்டும் கழற்றி முழுத் தொகுதியாக வெளியே எடுங்கள். பின்பக்கத்தின் மேல் நட்டுகள், டிக்கியின் உள்விரிப்பை விலக்கினால் கைக்கு எட்டும்.

அவசரத்தில் பலர் விட்டுவிடும் வேலை ஒன்று இங்கே இருக்கிறது. பின் கீழ்க்கையின் ரப்பர் புஷ்களில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால், சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையில் அவற்றை இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால், கார் தரையிறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கப்பட்ட நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழியும். அதுவரை கார் இயல்பு உயரத்துக்கும் வராது. ஜாக்கியால் கீழ்க்கையைத் தூக்கி, கார் தரையில் நிற்கும்போது இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே டார்க் ரெஞ்சால், தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும்.

உயரத்தைப் பொறுத்தவரை, தொழிற்சாலை அளவிலிருந்து 20 அல்லது 25 மில்லிமீட்டருக்கு மேல் இறக்க வேண்டாம் என்பது என் கருத்து. மெக்ஃபர்சன் அமைப்பில் கார் தாழும்போது, கீழ்க்கைகள் கிடைமட்டத்தைக் கடந்து மேல்நோக்கிச் சாய்கின்றன. காரின் புவியீர்ப்பு மையம் இறங்குவதைவிட வேகமாக ரோல் சென்டர் (வளைவில் காரின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், தாழ்த்தப்பட்ட கார் வளைவில் அதிகமாகச் சாய முயலும், அதைத் தடுக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங் தேவைப்படும். அதோடு, தாழ்த்தும்போது இரட்டை விஷ்போன் கொண்ட பின்சக்கரங்களுக்கு நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்முனை உள்நோக்கிச் சாய்தல்) தானாகவே கூடுகிறது, முன்சக்கரங்களுக்கோ மிகக் குறைவாகவே கிடைக்கிறது. ஆக, பின்புறம் முன்புறத்தைவிட நன்றாகத் தரையைப் பற்றி, கார் வளைவில் நேராகப் போக விரும்பும் குணத்தை வளர்த்துக்கொள்கிறது. 86 காரின் அழகே அதன் எளிதில் திரும்பும் முன்பகுதிதான். பணம் கொடுத்து அதைக் கெடுத்துக்கொள்வானேன்?

[திரையில்: அலைன்மென்ட் இயந்திரத்தின் திரை, கேம்பர், டோ அளவுகள்.]

ஆகையால் முன்பக்கக் கேம்பரை மாற்றும் வசதி அவசியம். காயில்ஓவரோடு வரும் கேம்பர் பிளேட்டாலோ, நக்கிளின் மேல் துளையில் போடும் எக்சென்ட்ரிக் போல்ட்டாலோ இது கிடைக்கும். உருண்டை பேரிங் கொண்ட பிளேட்டுகள் ஸ்டீயரிங்கைத் துல்லியமாக்கும். கூடவே மேடுபள்ளத்தில் கடகடவென்ற ஓசையும் வரும். சாலையில் ஓட்டி, அவ்வப்போது தடத்துக்கும் போகும் காருக்கு முன்னே மைனஸ் 1.5 முதல் 2 டிகிரி வரை கேம்பரும் பூஜ்ஜிய டோவும் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), பின்னே மைனஸ் 1.5 டிகிரி அளவில் கேம்பரும் சக்கரத்தின் முன்விளிம்பு சற்று உள்நோக்கியிருக்கும் ‘டோ-இன்’ அமைப்பும் நல்ல தொடக்கம். பின் டோவைத் தொழிற்சாலை அமைப்பிலேயே மாற்றலாம். பின் கேம்பருக்குத் தனியாகக் கீழ்க்கைகளை வாங்க வேண்டும்; 25 மில்லிமீட்டருக்குள் நின்றால் பெரும்பாலும் அந்தச் செலவு தேவைப்படாது.

தடத்தில் நேரம் குறைக்க விரும்புவோர், அலைன்மென்ட்டுக்கு முன் நான்கு எடைத் தட்டுகளின் மேல் காரை நிறுத்தி எடைப் பகிர்வைச் சரிசெய்யலாம். ஓட்டுநர் இருக்கையில் அவரது எடை இருக்க வேண்டும், ஸ்டெபிலைசர் பார் ஒரு பக்கம் கழற்றப்பட்டிருக்க வேண்டும். குறுக்கு மூலைகள் இரண்டின் கூட்டுத்தொகை மொத்த எடையில் 50 விழுக்காட்டை ஒட்டி வந்தால் போதும். உயரம் மாறியதால் முகப்பு விளக்கின் கோணத்தையும் திருத்துங்கள்.

எல்லாம் முடிந்து 100 கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளையும் பூட்டு வளையங்களையும் மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். அதற்குப் பிறகுதான் கிளிக்குகள். ஓலின்ஸ் போன்ற நிறுவனங்கள் முழுவதும் மூடிய நிலையைப் பூஜ்ஜியமாகக் கொண்டு எண்ணுகின்றன. உங்கள் தயாரிப்பாளர் எப்படி எண்ணுகிறார் என்பதைக் கையேட்டில் பார்த்து, அவர் சொல்லும் அளவில் நான்கையும் வையுங்கள். ஒரே சாலை, ஒரே காற்றழுத்தம், ஒரு முறைக்கு ஒரு அச்சில் (முன் அல்லது பின் சக்கர இணையில்) மட்டும் இரண்டு கிளிக் என்று மாற்றி, ஒவ்வொரு மாற்றத்தையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மேட்டைக் கடந்தபின் கார் ஒரு முறைக்கு மேல் ஆடினால் ரீபவுண்ட்டைக் கூட்டுங்கள். தொடர்ச்சியான சிறு மேடுகளில் கார் படிப்படியாகத் தரையை நோக்கி அமிழ்ந்து விறைத்துப்போனால், ஸ்பிரிங் திரும்ப நீள நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். ரீபவுண்ட்டை இரண்டு கிளிக் தளர்த்திவிட்டு அதே சாலையில் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.