வியர்வையை நிறுத்தவும் அதே ஊசி, வரவழைக்கவும் அதே ஊசி! அக்குபஞ்சர் நிஜமா வேலை செய்யுமா?

[திரையில்: புறங்கையிலும் கணுக்காலுக்கு மேலயும் ஒவ்வொரு சிவப்புப் புள்ளி]

கையில ஒரு புள்ளி, கால்ல ஒரு புள்ளி. இந்த ரெண்டுலயும் ஊசி போட்டா கொட்டற வியர்வை நிக்கும்னு சீன மருத்துவ மரபு சொல்லுது. ஆச்சரியம் என்னன்னா, வியர்வையே வராதவங்களுக்கும் இதே ரெண்டு புள்ளிதான்! ஊசியைக் கையாள்ற விதம் மட்டும் தலைகீழா மாறும். உங்க உள்ளங்கை வியர்வைக்கு இதை நம்பிப் போகலாமா? போனா, பலன் கிடைச்சுதான்னு வீட்டுலயே எப்படி அளக்கறது? அந்த அளக்கற பகுதியை மட்டும் தயவுசெஞ்சு ஓட்டி விட்டுடாதீங்க.

அடிப்படையைச் சட்டுனு முடிச்சிடலாம். நம்ம தோல்ல 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கு. அதிகமா வியர்க்கறவங்களுக்குச் சுரப்பி எண்ணிக்கை கூடுதல் இல்ல. அதுக்கு உத்தரவு போடற பரிவு நரம்புகள்தான் அளவுக்கு மீறி வேலை செய்யுது. ரெண்டு கையும் ஒரே மாதிரி வியர்க்குது, 25 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது, தூங்கும்போது நின்னுடுதுன்னா பெரும்பாலும் இந்த வகைதான். ஆனா ராத்திரி தூக்கத்துல உடுப்பு நனையுது, எடை குறையுது, காய்ச்சல் வருதுன்னா ஊசிப் பேச்சையே எடுக்காதீங்க. தைராய்டு, காசநோய், நிணநீர்ப் புற்று, சாப்பிடற மாத்திரைன்னு காரணம் எதுவா வேணா இருக்கலாம். முதல்ல டாக்டர்.

[திரையில்: கட்டைவிரல் கணுவின் அகலம், '1 சுன்']

இப்போ புள்ளிகளுக்கு வருவோம். அக்குபஞ்சர்ல அளவுகோல் 'சுன்'. கட்டைவிரல் கணுவோட அகலம் 1 சுன். யாரோட கட்டைவிரல்? படுத்திருக்கறவங்களோடது! ஊசி போடறவர் தன் விரலால அளந்தா, உடம்பு சின்னதா இருக்கறவங்களுக்குப் புள்ளியே தள்ளிப் போயிடும்.

முதல் புள்ளி ஹெகு. புறங்கையில, ஆள்காட்டி விரலுக்கு நேரா வர்ற உள்ளங்கை எலும்போட நடுப்பகுதியில, கட்டைவிரல் பக்கமா இருக்கு. கர்ப்பமா இருக்கறவங்களுக்கு மரபே இதைத் தவிர்க்கச் சொல்லுது. ரெண்டாவது ஃபூலியு. உள் கணுக்கால் எலும்பு உச்சியிலிருந்து 2 சுன் மேல, குதிகால் தசைநாணோட முன் ஓரத்துல. வியர்வையை நிறுத்தணும்னா ஹெகுவுல 'குறைப்பு', ஃபூலியுவுல 'நிரப்பு'. வரவழைக்கணும்னா அப்படியே மாத்தணும். நிரப்புன்னா ஊசியைச் சின்னச் சின்னதா திருப்பி, எடுத்ததும் துளையைப் பஞ்சால அழுத்தி மூடுவாங்க. குறைப்புன்னா அகலமா திருப்பி, துளையை மூடாம விடுவாங்க. ராத்திரி வியர்வைக்கு மணிக்கட்டுல சுண்டுவிரல் பக்கம் இருக்கற யின்ஷி புள்ளியையும் சேர்ப்பாங்க. அங்க அரை சுன்னுக்கு மேல ஆழம் கூடாது, ஏன்னா பக்கத்துலயே தமனியும் நரம்பும் ஓடுது. விரல் வரைக்கும் மின்சாரம் அடிச்ச மாதிரி 'சுரீர்'னு இழுத்தா உடனே சொல்லுங்க, ஊசியைப் பின்னால இழுக்கணும். மந்தமான கனமும் லேசான வலியும் மட்டும் இருந்தா, அதைத்தான் அவங்க எதிர்பார்க்கறாங்க.

ஊசி சுமார் 0.25 மில்லிமீட்டர் தடிமன், 20 முதல் 30 நிமிஷம் அப்படியே இருக்கும்.

[திரையில்: கைப்பிடிக்குள் மறையும் ஊசி, மெதுவாக]

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். அக்குபஞ்சரைச் சோதிக்கப் போலி ஊசி ஒண்ணு உண்டு. முனை மழுங்கலா இருக்கும். தோல்ல வெச்சு அழுத்தினா, நாடக மேடைக் கத்தி மாதிரி கைப்பிடிக்குள்ள போயிடும். குத்துது, நிக்குது, ஆனா தோலைத் துளைக்கவே இல்ல. 2016ல வெளிவந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வுல, மாதவிடாய் நிக்கற பருவத்துல திடீர்னு உடம்பு சூடாகி வியர்க்கற 'வெப்ப அலை'க்கு 327 பெண்களைச் சேர்த்தாங்க. ஒரு குழுவுக்கு நிஜ ஊசி, இன்னொண்ணுக்குப் போலி ஊசி. 8 வாரத்துல 10 தடவை. முடிவுல ரெண்டு குழுவுலயும் தொந்தரவு சுமார் 40 சதவீதம் குறைஞ்சிருந்தது. ரெண்டுலயுமே! வெப்ப அலையும் உள்ளங்கை வியர்வையும் ஒண்ணு இல்ல, ஒத்துக்கறேன். ஆனா வியர்வையோட தொடர்புள்ள ஒரு பிரச்சினையில, பலன் ஊசியால வந்துதா, கவனிப்பாலயும் எதிர்பார்ப்பாலயும் வந்துதான்னு பிரிச்சுக் காட்டுது பாருங்க, அது அற்புதமான வேலை.

இதனாலதான் அளக்கச் சொல்றேன். குளிர்ச்சியான அறையில அரை மணி நேரம் அசையாம படுத்தா யாருக்கும் வியர்வை அடங்கும். அதனால சிகிச்சை முடிஞ்சு எழுந்த உடனே கையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

[திரையில்: 0.01 கிராம் துல்லியத் தராசு, ஜிப் கவர், டிஷ்யூ]

0.01 கிராம் வரை காட்டற சின்னத் தராசு ஒண்ணு போதும். டிஷ்யூவை ஜிப் கவர்ல போட்டு, கவரோட எடை எடுங்க. கையைத் துடைச்சு உலர்த்திட்டு, டிஷ்யூவைச் சரியா 5 நிமிஷம் உள்ளங்கையில மூடிப் பிடிங்க. உடனே கவர்ல போட்டு மூடி மறுபடி எடை பாருங்க. கவர் இல்லாம செஞ்சா தராசுல வைக்கறதுக்குள்ளேயே ஈரம் ஆவியாகிடும், நிறையப் பேருக்குக் கணக்கு தப்பறது இங்கதான். வித்தியாசம்தான் உங்க வியர்வை. ஒப்பிட ஒரு அளவு: அக்குள் வியர்வைக்கான போட்டாக்ஸ் (நரம்போட வியர்வை உத்தரவைத் தடுக்கற ஊசி மருந்து) ஆய்வுகள்ல ஆட்களைச் சேர்க்க, ஓய்வுல 5 நிமிஷத்துக்குக் குறைஞ்சது 50 மில்லிகிராம், அதாவது 0.05 கிராம் இருக்கணும்னு வரம்பு வெச்சாங்க. ஒரே நேரம், ஒரே அறை, டீ காபிக்கு முன்னாடி. சிகிச்சை தொடங்கற முன் வாரத்துல 3 நாள், அப்புறம் ஊசி போடாத நாட்கள்ல தொடர்ந்து எடுங்க. அஞ்சாறு தடவை போயும் எண் அசையலைன்னா நிறுத்திடுங்க. காசும் நேரமும் உங்களோடது.

என் கருத்தைக் கேட்டா, முதல் தேர்வா அக்குபஞ்சரைச் சொல்ல மாட்டேன். 20 சதவீத அலுமினியம் குளோரைடை ராத்திரி நல்லா உலர்ந்த தோல்ல போட்டு காலையில கழுவறது (ஈரத்துல போட்டா அமிலம் உண்டாகி எரியும்), அடுத்து தண்ணித் தட்டுல கையை வெச்சு மெல்லிய மின்சாரம் விடற அயன்டோஃபோரசிஸ், அதுக்கப்புறம் போட்டாக்ஸ். இதுக்கெல்லாம் அக்குபஞ்சரை விட ஆதாரம் வலுவா இருக்கு. இதயத்துல பேஸ்மேக்கர் இருக்கறவங்களும் கர்ப்பமா இருக்கறவங்களும் அயன்டோஃபோரசிஸ் பக்கம் போகக் கூடாது.

அக்குபஞ்சர்தான் வேணும்னா: சீல் பிரிக்காத, ஒரே தடவை பயன்படுத்தற ஊசியை உங்க கண் முன்னால பிரிக்கணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா முன்கூட்டியே சொல்லணும். மேல்முதுகுல போடற ஊசி சாய்வா, மேலோட்டமா போகணும். நேரா ஆழமா இறங்கினா நுரையீரல் துளைபடலாம். வெறும் வயித்துல போகாதீங்க, மயக்கம் வரும். மயக்கம் வரும்போது உடம்பு குளிர்ந்து வியர்த்துக் கொட்டும். அதை 'கெட்ட வியர்வை வெளியேறுது'ன்னு யாராவது சொன்னா ஏமாறாதீங்க. ஊசியை எல்லாம் எடுத்துட்டு, காலை உயர்த்திப் படுக்க வைக்கணும்.

தராசுல அளந்தவங்க 5 நிமிஷ எண்ணை, முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு கமெண்ட்ல போடுங்க. என்ன சிகிச்சை எடுத்தீங்கன்னும் மறக்காம எழுதுங்க.