குவிஸ்லிங் காட்டிக்கொடுத்ததாலதான் நார்வே விழுந்ததா? சந்தேகங்களுக்கு விளக்கம்

ஒரு நேயர் கேட்டிருக்கார்: "நாம எட்டப்பன்னு சொல்ற மாதிரி ஐரோப்பாவுல துரோகிக்கு குவிஸ்லிங்னே பேர். அவர் காட்டிக்கொடுத்ததாலதான் நார்வே ஜெர்மனிகிட்ட விழுந்துச்சா? அதிகாரமே இல்லாத பொம்மைன்னா, மரண தண்டனை எதுக்கு?"

முதல் கேள்விக்குப் பதில், இல்லைங்க. ரெண்டாம் உலகப் போர் நேரம், ஜெர்மனிக்கு ஸ்வீடனோட இரும்புத்தாது வேணும். குளிர்காலத்துல அந்தப் பக்கத்துக் கடல் உறைஞ்சிடும், அப்போ தாது நார்வேயோட நார்விக் துறைமுகம் வழியாத்தான் வந்தாகணும். அந்தக் கரையை பிரிட்டன் பிடிச்சிடுமோங்கிற பயம் வேற. நார்வே அரசியல்வாதியான குவிஸ்லிங் 1939 டிசம்பர்ல பெர்லின்ல ஹிட்லரைப் பார்த்து இந்தப் பயத்தைத்தான் கிளறிவிட்டார். படையெடுப்புக்குச் சில நாள் முன்னாடி கோபன்ஹேகன்ல ஜெர்மன் உளவு அதிகாரிகிட்ட ராணுவத் தகவலும் சொன்னார். துரோகம்தான், சந்தேகமே இல்லை. ஆனா படை என்னைக்கு வருதுன்னு ஜெர்மனி அவருக்கே சொல்லலை.

ஏன்னா அவர் பின்னாடி ஆள் கிடையாது. 1931லேருந்து 33 வரைக்கும் பாதுகாப்பு அமைச்சரா இருந்தவர்தான். ஆனா அவர் ஆரம்பிச்ச நாஷனல் சாம்லிங் கட்சிக்கு 1933 தேர்தல்ல 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, 1936ல அதுக்கும் கீழ. ரெண்டு தடவையும் ஒரு சீட் கூட வரலை.

1940 ஏப்ரல் 9ஐ கவனமாப் பாருங்க. காலையிலேயே, தலைநகர் ஒஸ்லோவுக்குப் போற கடல்வழியில இருக்கிற ஒஸ்கர்ஸ்போர்க் கோட்டையில இருந்த பழைய பீரங்கிகளும் டார்பிடோக்களும் ப்ளூஷர்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பலை மூழ்கடிச்சிருச்சு. ஒஸ்லோவைப் பிடிக்க வேண்டிய ஆட்கள் அதுலதான் இருந்தாங்க. கிடைச்ச அந்தச் சில மணி நேரத்துல மன்னர் ஹாக்கோன், அமைச்சர்கள், எம்.பி.க்கள் எல்லாரும் ரயிலேறி வடக்கே ஹாமர்ங்கிற ஊருக்குப் போயிட்டாங்க. நாட்டோட தங்கமும் லாரியில கிளம்பிருச்சு. சாயங்காலம் குவிஸ்லிங் ரேடியோவுல வந்து, நான்தான் பிரதமர், படை திரட்டுறதை நிறுத்துங்கன்னு அறிவிச்சார். மறுநாள் எல்வெரும்ல ஜெர்மன் தூதர் ப்ராயர் மன்னரைப் பார்த்து, இவரைப் பிரதமரா ஏத்துக்கணும்னு கேட்டார். மன்னர் தன் அமைச்சர்கள்கிட்ட, என்னால முடியாது, நீங்க ஏத்துக்கிறதா இருந்தா நான் முடி துறக்கிறேன்னு சொல்லிட்டார். அமைச்சர்கள் மன்னர் பக்கமே நின்னாங்க. அதே நாள் ஜெர்மனி நுழைஞ்ச டென்மார்க்குல ஒரே காலையில முடிஞ்ச விஷயம், நார்வேயில ரெண்டு மாசச் சண்டையாச்சு. அதாவது குவிஸ்லிங்கோட அவசரம் ஜெர்மனிக்கே இடைஞ்சலாப் போச்சு. ஏப்ரல் 15க்குள்ள அவரை ஒதுக்கிட்டாங்க. அதுக்கு நாலு நாள் கழிச்சு லண்டன் டைம்ஸ் பத்திரிகை அவர் பேரையே துரோகிக்கான சொல்லா எழுதிருச்சு.

இப்போ அந்த பொம்மை வாதத்துக்கு வர்றேன். 1942 பிப்ரவரி 1ல அவரை மறுபடி 'அமைச்சர்-தலைவர்'னு உட்கார வச்சாங்க. மேல டெர்போவன்னு ஜெர்மன் ஆணையர் இருந்தார், கடைசிச் சொல் அவரோடதுதான். ஆனா கையெழுத்து போட்டது குவிஸ்லிங். ஆசிரியர்கள் எல்லாம் கட்சியோட சங்கத்துல சேரணும்னு சட்டம் கொண்டுவந்தார். ஆயிரக்கணக்குல மறுத்தாங்க. சுமார் 1,100 பேரைக் கைது பண்ணி, அதுல நூத்துக்கணக்கான பேரை வடகோடி கிர்கெனெஸ்ல கட்டாய வேலைக்கு அனுப்பினாங்க. அப்படியும் அந்தச் சங்கம் உருவாகலை.

யூதர் விஷயம் இதைவிடக் கொடுமை. அக்டோபர்ல சொத்துப் பறிப்புச் சட்டம் அவர் போட்டது. வீடு வீடாப் போய்ப் பிடிச்சது நார்வே போலீஸ். நவம்பர் 26ல டோனாவ் கப்பல்ல 500க்கும் மேல ஏத்தினாங்க, போன இடம் ஆஷ்விட்ஸ், நாஜிகளோட கொலை முகாம். நாடுகடத்தின சுமார் 770 பேர்ல திரும்பினது 40 கூட இல்லை.

1943 ஆகஸ்ட்ல குன்னார் எய்லிஃப்ஸென்ங்கிற போலீஸ் அதிகாரி, கட்டாய வேலைக்குப் போகாத பெண்களைக் கைது பண்ண மாட்டேன்னார். அதுக்கப்புறம் அவசரமா ஒரு சட்டம் போட்டு, முன்தேதியிட்டு, அவரைச் சுட்டாங்க. கருணை காட்டுற அதிகாரம் குவிஸ்லிங் கையில இருந்துச்சு, அவர் காட்டலை. 1945ல நடந்த வழக்குல தேசத்துரோகத்தோட இந்த மரணமும் ஒரு குற்றச்சாட்டு. செப்டம்பர் 10ல தீர்ப்பு. அக்டோபர் 24ல ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டையில சுட்டு, தண்டனையை நிறைவேத்தினாங்க.